மூன்றாவது ‘வேணாம்’

இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. வலது பக்கம், எலும்புக்குக் கீழே, யாரோ கத்தியைச் செருகித் திருகுவதுபோல வலி.

கிளைவ் பிஞ்ச்பெக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு காலைப் பார்த்தார். கால் தூரத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து முட்டைக்கோசுக்கும் காலிஃபிளவருக்கும் குனிந்த இடுப்பு, சொந்தக் காலுக்குக் குனிய மாட்டேன் என்றது.

லொரைன் மாடியேறி வந்தாள். ஒன்றும் கேட்காமல் முட்டி போட்டு உட்கார்ந்து காலுறையை மாட்டினாள். பூட்ஸைத் திணித்தாள். கயிற்றை இழுத்துக் கட்டினாள். கட்டிய வேகத்தில் கோபம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அந்த வீட்டில் பேச்சு குறைந்திருந்தது. அன்று மதியச் சாப்பாட்டில், வறுத்த மாட்டிறைச்சியை அப்பா வெட்டிக்கொண்டிருக்கும்போது, மகள் ஷெல்லி கேட்டாள்: சனிக்கிழமை சர்ச்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு வருவாயா? கிளைவ் கத்தியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். கல்யாணத்துக்கு வருவேன், பின் வரிசையில் உட்காருவேன், அந்த லித்துவேனியாக்காரன் கையில் உன்னைப் பிடித்துக் கொடுக்க மட்டும் என்னைக் கூப்பிடாதே. ஷெல்லி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவள்தான். இன்று வியாழன்.

“டாக்டர்கிட்ட போ,” என்றாள் லொரைன்.

“போனா மூணு வாரம் கழிச்சு வான்னு சொல்வாங்க. இடமெல்லாம் அவங்களுக்கே சரியாப் போயிடுது.”

“எவங்களுக்கு?”

கிளைவ் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார்.

லொரைன் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். கிளைவின் அக்கா அங்கேதான் படுக்கையில் கிடக்கிறாள். “என்னோட வேலை செய்யிறவங்கள்ல பாதிப்பேர் கேரளாப் பொண்ணுங்க. ஒருத்தி ஜிம்பாப்வே. அவங்க நாளைக்கே மூட்டையக் கட்டிட்டா உங்க அக்காவ யார் குளிப்பாட்டுறது? நீயா?”

“அது வேற.”

“உனக்கு எல்லாமே வேறதான். எது வேற இல்லையோ அதச் சொல்லு.”

அவர் அலமாரியைக் கைத்தடிபோலப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நின்ற பிறகு சொன்னார். “அவன் லித்துவேனியாக்காரன்கிறதுக்காக இல்ல, லொரைன். அன்னிக்குக் கிளப்புல ரெண்டு பைண்ட் பீர் குடிச்சான். ஒண்ணு என் காசு, ஒண்ணு கீத் காசு. அவன் முறை வந்ததும் கோட்ட மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டான். அப்படிப்பட்டவன் கையில பொண்ணக் குடுக்க மாட்டேன்.”

லொரைன் இதைக் கேட்டு அலுத்திருந்தாள். ஆனாலும் அவளால் அதைத் தூக்கி எறிய முடியவில்லை. அந்தச் சீமையில் ஒருவன் குடித்துவிட்டு வாய்க்காலில் விழலாம், பெண்டாட்டியை விட்டு ஓடலாம், சில வருடத்தில் ஊர் மறந்துவிடும். நாலு பேர் சேர்ந்து குடிக்க உட்கார்ந்தால் ஆளுக்கொரு தடவை எல்லாருக்குமாக வாங்க வேண்டும். தன் முறை வரும்போது நழுவியவனை மட்டும் ஊர் மறக்காது. அவன் செத்தால் சவப்பெட்டிக்கு முன்னாலும் அதைச் சொல்வார்கள்.

*

கடலிலிருந்து மீட்ட மண், பலகைபோலக் கிடந்தது. காற்றைத் தடுக்க ஒரு மேடு கிடையாது. கிளைவ் டிராக்டர் கேபினில் ஏறுவதற்குள் வேர்த்துவிட்டது.

அவருடைய வேலை இப்போது டிராக்டரை நத்தை வேகத்தில் நகர்த்துவது. பின்னால் மேடைபோல அகலமான வண்டி இழுபடும். அதற்கும் பின்னால் காலிஃபிளவர் வெட்டுகிறவர்கள் குனிந்தபடி நடந்து வருவார்கள். வெட்டு, இலையைச் சீவு, மேடையில் போடு. மேடையில் நிற்பவர்கள் பெட்டியில் அடுக்குவார்கள்.

இந்தக் கூட்டத்தில் உள்ளூர்க்காரர் அவர் ஒருவர்தான்.

அவருடைய அம்மா இதே நிலத்தில் வெட்டினாள். தலையில் துணி கட்டிய பத்துப் பதினைந்து பெண்கள், விடியுமுன்னே தெருமுனையில் நின்று வேன் ஏறுவார்கள். உறைபனியில் விரல் மரத்துப்போனால் அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு, பண்ணைக்காரனைப் பற்றி வாயில் வரக்கூடாத பேச்செல்லாம் பேசிச் சிரிப்பார்கள். கிளைவ் அந்தக் கூட்டத்தில் வளர்ந்து, பிறகு அந்தக் கூட்டத்துக்கே மேஸ்திரி ஆனார்.

ஒரு வசந்தத்தில் பண்ணைக்காரர் ஒப்பந்தக்காரன் ஒருவனோடு வந்து நின்றார். அவனிடம் ஆட்கள் இருந்தார்கள். வயல் ஓரம் பழைய கேரவன்களில் தங்கிக்கொள்வார்கள். மழை என்று நிற்க மாட்டார்கள், ஞாயிறு என்று கேட்க மாட்டார்கள், கூலியும் குறைவு. அந்த வெள்ளிக்கிழமையே கிளைவின் ஆட்களுக்கு இனி வேலை இல்லை என்றார்கள். கையைக்கூடக் குலுக்கவில்லை.

வந்தவர்கள் மோசமானவர்கள் இல்லை. அது கிளைவுக்குத் தெரியும். அவர்கள் குனிந்த முதுகைப் பார்த்தாலே தெரியும், பசித்த வீட்டிலிருந்து வந்தவர்கள் என்று. ஆனால் ஊரில் ஒவ்வொரு வாடகை வீட்டிலும் அறைக்கு நாலு பேராக அடைத்து, வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஷெல்லி சொந்த ஊரில் வீடு கிடைக்காமல் தாய் வீட்டின் பின்னறையிலேயே முப்பது வயதைத் தாண்டினாள். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? பண்ணைக்காரர் எட்டாத உயரத்தில் இருந்தார். கேரவன் கண்ணெதிரே இருந்தது.

ஐரோப்பாவோடு சேர்ந்திருப்பதா என்று நாட்டில் வாக்கெடுப்பு வந்தபோது, வெளியேற வேண்டும் என்று கிளைவ் ஓட்டுப் போட்டார். ஜெயித்தார்கள். லித்துவேனியாக்காரர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். அந்த வருடம் ஆளில்லாமல் காலிஃபிளவர் வயலிலேயே மஞ்சளாகி நாறியது. அதற்குப் பிறகு இன்னும் தூரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், ஆறு மாத அனுமதியோடு. உள்ளூர்ப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. வரச் சொல்லி யாரும் கூலியை ஏற்றவும் இல்லை.

இடைவேளையில் கிளைவ் கேபினிலேயே உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தார். கீழே மற்றவர்கள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து என்னவோ பேசிச் சிரித்தார்கள். சிரிப்பின் சத்தம் அவருக்குப் பழக்கமானது. வார்த்தைதான் புரியவில்லை.

வெட்டுகிற பெண்களில் ஒருத்தி ஏணியில் ஏறிக் கண்ணாடியைத் தட்டினாள். கையில் பொரித்த மாவுருண்டைகள் ஒரு டப்பா நிறைய. அவர் கையைத் தூக்கி, “வேணாம்மா, பரவால்ல,” என்றார். அவள் தலையாட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

இன்னொரு தடவை கேட்டிருந்தால் வாங்கியிருப்பார். பசித்தது.

*

அதே நேரம், ஊருக்கு வெளியே காய்கறி அடைக்கும் கொட்டகையில், ஷெல்லி, தான் கட்டிக்கொள்ளப்போகிற ரிமாஸை ஆள் இல்லாத ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஷெல்லி அங்கே வரிசைக்குப் பொறுப்பாளர். ரிமாஸ் மிஷின் பார்க்கிறவன். இந்த ஊருக்கு வந்த புதிதில் அவனும் வயலில் வெட்டியவன்தான். ஒட்டிப்போன கன்னம், யோசித்து யோசித்துப் பேசுகிற சுபாவம். அவனுடைய அப்பா இன்று மதியம் பஸ்ஸில் வந்து இறங்குகிறார். அவர் விமானம் ஏற மாட்டார். பாதி ஐரோப்பாவை உட்கார்ந்தபடியே கடந்து வருகிறார்.

தன் அப்பா ஏன் சர்ச்சில் கையைப் பிடித்துக் கூட்டி வர மறுக்கிறார் என்பதை ஷெல்லி அதுவரை ரிமாஸிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இன்று காலை அம்மா போனில் சண்டைபோட்டாள்: அந்தப் பையன்கிட்ட நேராக் கேளு, நிஜமாவே நழுவினானா இல்லையான்னு. அதனால் கேட்டாள்.

ரிமாஸ் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். “நான் பர்ஸ எடுத்தேன். என்ன குடிக்கிறீங்கன்னு கேட்டேன். உங்க அப்பா, ‘காச உள்ள வை தம்பி’ன்னார். வெச்சேன்.”

“எத்தன தடவ சொன்னார்?”

“ஒரு தடவ. எத்தன தடவ சொல்லணும்?”

ஷெல்லி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன? சொல்லு.”

“அது மரியாதைக்குச் சொல்றது, ரிமாஸ். அவர் வேணாம்பார். நீ ‘அட விடுங்க, இது என்னோடது’ன்னு சொல்லணும். அவர் மறுபடியும் வேணாம்பார். நீ மறுபடியும் சொல்லணும். அப்புறம் அவர், ‘சரி, நீ இவ்வளவு சொல்ற, பாதி பைண்ட் வாங்கு’ம்பார். நீ முழுசா வாங்கணும்.”

“அப்போ உங்க ஊர்ல எத்தன வேணாம் சேர்ந்தா ஒரு வேணாம்?”

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அவள் வாழ்நாளில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. “மூணு. மூணாவது வேணாம்தான் நிஜ வேணாம்.”

“இது எங்க எழுதியிருக்கு?”

“எங்கயும் இல்ல. இங்க பொறந்தா தெரியும்.”

ரிமாஸ் சிரிக்கவில்லை. அவன் மெதுவாகச் சொன்னதைக் கேட்டு அவளுக்கும் சிரிப்பு நின்றது. அவன் வீட்டில் பெரியவர் காசை உள்ளே வை என்றால் வைத்துவிட வேண்டும். மீறி நீட்டினால், உன்னிடம் காசு இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதுபோல. அன்று கிளப்பிலிருந்து, விடிகாலை ஷிஃப்ட்டுக்காகக் கிளம்பிப் போகும் வழியிலேயே, அவன் அப்பாவுக்கு போன் செய்தான். ஷெல்லியின் அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்தார், என்னைத் தம்பி என்று கூப்பிட்டார், காசை உள்ளே வைக்கச் சொன்னார். அவர் என்னை ஏற்றுக்கொண்டுவிட்டார்.

“அந்த நல்ல மனுஷனப் பாக்கணும்னுதான் எங்க அப்பா கிளம்பி வர்றார்,” என்றான் ரிமாஸ். “இல்லன்னா அவர் இந்த நாட்டுக்கு வர்ற ஆளே இல்ல.”

*

வியாழக்கிழமை சாயங்காலம் கிளப்பில் டாமினோ, புள்ளி வில்லைகளை வைத்து ஆடுகிற ஆட்டம். கிளைவும் கீத்தும் எப்போதும் ஜன்னல் ஓர மேசை. கீத் லாரி ஓட்டி ஓய்ந்தவர். வாய் ஓயவில்லை.

குனிய முடியாததால் கிளைவ் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். முடிசூட்டுக்குக் காத்திருக்கிற ராஜா மாதிரி இருக்கிறாய் என்று கீத் வந்ததிலிருந்தே கேலி செய்துகொண்டிருந்தார்.

கதவு திறந்தது. ஷெல்லி, ரிமாஸ், அவர்களுக்குப் பின்னால் அகன்ற தோளோடு ஒரு வயதானவர். கல்யாணத்துக்கென்று தைத்த கோட்டை இப்போதே போட்டுக்கொண்டு வந்திருந்தார். பேர் அல்கிஸ். மரம் அறுக்கும் ஆலையில் காலம் கழித்தவர் என்பது அவர் கை நீட்டியபோது தெரிந்தது. வலது கையில் இரண்டு விரல் இல்லை.

கிளைவ் அந்தக் கையைக் குலுக்கினார். எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை என்பது அறையில் கீத்துக்கு மட்டும்தான் தெரியும். மற்ற மேசைக்காரர்கள் தலையைத் திருப்பாமல் கவனித்தார்கள்.

ரிமாஸ் உட்காரவில்லை. பர்ஸை எடுத்தான். மனப்பாடம் செய்த பையன்போல நேராக நின்றான்.

“மிஸ்டர் பிஞ்ச்பெக், என்ன குடிக்கிறீங்க? இன்னிக்கு என்னோடது.”

“வேணாம் தம்பி. என்கிட்ட இருக்கு.” கிளாஸில் அடிவண்டல்தான் இருந்தது.

“அட விடுங்க. இது என்னோட ரவுண்டு.”

“பரவால்ல. வேணாம்.”

ஷெல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரிமாஸ் தொண்டையைச் செருமினான். “நான் ரொம்ப ஆசைப்படுறேன். ஒண்ணே ஒண்ணு.”

கிளைவ் மகளைப் பார்த்தார். அவளுடைய முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது. சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறாள். பேச்சு கற்ற கிளியைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தியிருக்கிறாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவருடைய காது சூடேறியது.

“வேணாம்னு சொன்னேன்,” என்றார்.

டாமினோ வில்லைகளின் சத்தம் பக்கத்து மேசைகளில் நின்றது.

ரிமாஸ் பர்ஸை மூடி உள்ளே வைத்தான். “சரி. மூணு ஆச்சு,” என்று ஷெல்லியிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

ஷெல்லி உட்காரவில்லை. அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். அன்னிக்கு இவன்கிட்ட என்ன சொன்னே, காசை உள்ளே வை என்றாயா இல்லையா என்று கேட்டாள். கிளைவ் வாயைத் திறப்பதற்குள் கீத் பதில் சொல்லிவிட்டார்: சொன்னான், நான் பக்கத்திலேயே இருந்தேன், எனக்கும் கேட்டது.

“எல்லாரும் சொல்றதுதான அது,” என்றார் கிளைவ்.

“இவன் எல்லாரும் இல்லப்பா. இவனுக்கு யாரும் சொல்லித் தரல. நீ சொன்னத அப்படியே நம்பினான். நீ அவன மகனா நெனச்சுச் சொன்னேன்னு ஊருக்கு போன் போட்டுச் சொல்லியிருக்கான்.”

அதற்குள் அல்கிஸ் எழுந்தார். மகனிடம் என்ன பேச்சு என்று கேட்டிருக்கிறார், மகன் மழுப்பியிருக்கிறான். அவர் நேராகக் கவுண்டருக்குப் போனார். கிளைவின் கிளாஸைத் தூரத்திலிருந்து காட்டினார், விரல்களைக் காட்டினார். முழுசாக இருந்த கையைத்தான் காட்டினார், கணக்கு தப்பக்கூடாது என்பதற்காக. கவுண்டரில் இருந்த பெண்மணி, சரி கண்ணு, நீங்க போங்க நான் எடுத்துட்டு வர்றேன் என்றது அவருக்குப் புரியவில்லை. தட்டைத் தானே தூக்கினார். ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து கிளைவின் முன்னால் ஒரு பைண்ட்டை வைத்தார்.

“இல்ல, எனக்கு வேணாம்,” என்றார் கிளைவ்.

அல்கிஸ் கிளாஸை இன்னும் கொஞ்சம் கிட்டே தள்ளினார்.

“பரவால்லங்க. வேணாம்.”

அல்கிஸ் எதிரே உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. முதல் வேணாமும் மூன்றாவது வேணாமும் அவருக்கு ஒன்றுதான்.

கீத் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். அந்தச் சிரிப்புதான் கிளைவை உடைத்தது.

“டேய், இவர்கிட்ட சொல்லு,” என்றார் ரிமாஸிடம். குரல் உயரவில்லை. “நான் நல்ல மனுஷன் இல்லன்னு சொல்லு. உங்க ஆளுங்க வரக்கூடாதுன்னு ஓட்டுப் போட்டவன் நான்னு சொல்லு.”

ரிமாஸ் ஷெல்லியைப் பார்த்தான்.

“சொல்லுடா. எங்க அம்மா வேல செஞ்ச நெலத்துல நாள் முழுக்க கேபின்ல உக்காந்திருக்கேன். என் பாஷையில என்கிட்ட பேச ஒரு ஆள் இல்ல. கீழ அவங்க சிரிச்சா என்னப் பாத்துச் சிரிக்கிறாங்களான்னு தோணுது. இல்லன்னு தெரியும். தெரிஞ்சும் தோணுது. சொந்த ஊர்ல நான் அசலூர்க்காரன். அத யாரும் என்கிட்ட கேட்டுட்டுச் செய்யல. எல்லாத்தையும் சொல்லு.”

ரிமாஸ் சொன்னான். நிறுத்தி நிறுத்தி, சொல் தேடிச் சொன்னான். அல்கிஸ் மேசையைப் பார்த்தபடி கேட்டார். ஓட்டுப் போட்ட இடம் வந்ததும் தலையைத் தூக்கினார். ஏதோ கேட்டார். ரிமாஸ் பதில் சொன்னான். மறுபடி கேட்டார், வருடத்தை உறுதிப்படுத்திக்கொள்கிறவர்போல.

பிறகு நீளமாக ஒன்று சொன்னார்.

“என்ன சொல்றார்?” என்றார் கிளைவ்.

ரிமாஸ் தயங்கினான். “ரொம்ப லேட்டாப் போட்டிருக்கீங்களாம் ஓட்ட.”

கீத் கிளாஸைக் கீழே வைத்தார்.

“அதுக்குள்ள எங்க ஊர் காலியாயிடுச்சுங்கிறார். பள்ளிக்கூடத்த மூடிட்டாங்க. எங்க தெருவுல ராத்திரியானா எங்க வீட்டு ஜன்னல்ல மட்டும்தான் வெளிச்சம். பெரியண்ணன் நார்வேல இருக்கான், அக்கா அயர்லாந்துல. கடைசியா நான். போகாதடான்னு எங்க அப்பா கதவ மறிச்சு நின்னார். நான் கேக்கல.” அவன் அப்பாவைப் பார்த்துவிட்டு மீதியைச் சொன்னான். “நான் வரக்கூடாதுன்னு உங்களுக்கு முன்னாடியே சொன்னவர் அவர்தான். நீங்க ரெண்டு பேரும் ஒரே ஓட்டுதான்கிறார்.”

அல்கிஸ் இன்னும் ஏதோ சொன்னார், ரிமாஸ் அதையும் சொன்னான்.

“உங்க ஊர்ல உங்களோட பேச ஆளில்லன்னு சொன்னீங்க. எங்க ஊர்ல ஆளே இல்லங்கிறார். ஆனா உங்க பொண்ணு சனிக்கிழமைக்கு அப்புறமும் இதே ஊர்லதான் இருப்பா. ஞாயிற்றுக்கெழம அவர் தனியா பஸ் ஏறுவாராம். இப்போ அந்த பீரக் குடிக்கிறீங்களா, இல்ல கொட்டிடலாமான்னு கேக்குறார்.”

கிளைவுக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. சிரித்ததும் இடுப்பு சுரீர் என்று இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார். அல்கிஸ் அந்த வலியை உடனே கண்டுகொண்டார். தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி, கையால் அறுக்கிற ரம்பம்போல முன்னும் பின்னும் அசைத்தார். கிளைவ் தலையாட்டினார். ஆமாம், அதேதான்.

கிளாஸை எடுத்துக் குடித்தார். பாதி வரை நிறுத்தாமல் குடித்தார்.

அதற்குப் பிறகு பேச்சு அவ்வளவு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கீத் டாமினோவைக் கலைத்து அல்கிஸுக்கும் ஏழு வில்லை கொடுத்தார். அதற்குப் பாஷை வேண்டியிருக்கவில்லை. அல்கிஸ் இரண்டு ஆட்டம் தோற்று, மூன்றாவதை ஜெயித்தார். ஜெயித்தபோதும் தோற்றபோதும் முகம் ஒரே மாதிரி இருந்தது. இப்படி ஒரு முகம் நம் கிளப்புக்குத் தேவை, எதிர் டீமுக்கு ஒன்றும் புரியாது என்றார் கீத்.

ஷெல்லி அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சனிக்கிழமையைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டுவிட்டாள், ஞாயிற்றுக்கிழமையே. இரண்டாம் தடவை கேட்பது அவளுடைய வேலை இல்லை என்று முடிவு செய்திருந்தாள். கிளைவ் அவள் கையை ஒரு தடவை பார்த்தார். கொட்டகைக் குளிரில் வெடித்துப்போன விரல்கள். அவர் அம்மாவின் விரல்கள் இப்படித்தான் இருந்தன. ஏதோ சொல்ல வந்தவர், வில்லையை எடுத்து வைத்தார்.

அல்கிஸின் கண்கள் மூடி மூடித் திறந்தன. பஸ் அலுப்பு. உட்கார்ந்தபடியே ஒரு தடவை தலை சாய்ந்தது. ரிமாஸ் அவர் தோளைத் தொட்டான். அவர் கிளாஸில் இருந்ததை ஒரே மடக்கில் முடித்துவிட்டு எழுந்தார். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் தலையாட்டினார்.

“இருங்க,” என்றார் கிளைவ். “இருங்க, என் முறை.”

மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார். இடுப்பு பூட்டிக்கொண்டு நின்றது. பாதி எழுந்து, பாதி உட்கார்ந்து, நடுவில் அப்படியே நின்றார். ஷெல்லி முழங்கையைப் பிடிக்க வந்தாள். அவர் தலையசைத்து மறுத்தார். அவள் அதைச் சட்டை செய்யாமல் பிடித்து, மெதுவாக மறுபடி உட்கார வைத்தாள்.

“டேய், அப்பாவ நிறுத்து. நான் வாங்கணும்னு சொல்லு.”

ரிமாஸ் கதவருகே நின்று அப்பாவிடம் சொன்னான். அல்கிஸ் திரும்பிப் பார்த்து, மூன்று விரல் கையை அசைத்து ஒரு சொல் சொன்னார்.

“வேணாமாம்,” என்றான் ரிமாஸ். பிறகு, முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு, “இது முதல் வேணாம்தான், மிஸ்டர் பிஞ்ச்பெக்,” என்றான்.

கதவு மூடியது. ஷெல்லி கோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவின் தலையில் கையை வைத்துவிட்டு அவர்கள் பின்னால் போனாள். ஜன்னலுக்கு வெளியே மூன்று பேரும் தெருவிளக்கைக் கடந்து போவது தெரிந்தது. வயதானவர் நடுவில், ஆளுக்கொரு பக்கம் கை கோத்தபடி.

கீத் காலி கிளாஸ்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். நாளைக்கு அந்த ஆள் இங்கே வரமாட்டார், நாளைக்கு அவர்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள் என்றார். ஞாயிறு விடியும்போது பஸ். நடுவில் இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அன்றைக்கு அவர் சர்ச்சில் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார், பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறவருக்கும் அங்கேதான் இடம். பின் வரிசையிலிருந்து அங்கே கை எட்டாது.

கிளைவ் விறைத்த இடுப்போடு, மூடிய கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

குடித்தது ஒரு பைண்ட். திருப்பி வாங்கிக் கொடுக்கவில்லை. கிளைவ் பிஞ்ச்பெக், அல்கிஸுக்கு ஒரு பைண்ட் பாக்கி.